தெப்பக்கரையிலிருந்து எங்கள் வாசல் வரை

இந்த ஆண்டு மாசித் தெப்பம் சேவிப்பதற்காகத் திருவல்லிக்கேணிக்குச் சென்று வந்தேன். இடையில் பலமுறை ஸ்ரீ பார்த்தசாரதிப் பெருமாளைச் சேவித்திருக்கிறேன் என்றாலும், தெப்பத்தைக் கண்டது 1978-ஆம் ஆண்டோடு சரி. அந்த ஆண்டுக் கோடையில் அப்பாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகி, நாங்கள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் புறப்பட்டோம். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அதன்பின் படிப்பு, திருமணம், குழந்தைகள் என்று மாசி மாதங்கள் ஒவ்வொன்றாகக் கடந்துவிட்டன. "எனக்குத்தான் முடியவில்லை, நீயாவது ஒருமுறை போய்ச் சேவித்துவிட்டு வா" என்று எண்பத்தைந்து வயதான அம்மா பொங்கலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததால்தான் இந்த முறை பயணம் கைகூடியது.

திருவல்லிக்கேணித் தெப்பம் ஏழு நாள் உற்சவம். முதல் மூன்று நாள்கள் பார்த்தசாரதிக்கு உரியவை. அடுத்து நரசிம்மர், ரங்கநாதர், ராமர், கஜேந்திர வரதர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள். ஒரே கோயிலுக்குள் ஐந்து பெருமாள்கள் எழுந்தருளியிருப்பதால் யாருக்கும் குறை வைக்காமல் வகுத்த முறை இது. பாட்டி இந்த வரிசையை விரல்விட்டு எண்ணிச் சொல்லித்தான் எங்களுக்கு எண்ணவே கற்றுக்கொடுத்தாள். நான் மூன்றாம் நாளைத் தேர்ந்தெடுத்துச் சென்றேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. நேரே கோயிலுக்குப் போகாமல், சுற்று வழியானாலும் பரவாயில்லை என்று பாரதி சாலையை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தேன். எங்கள் நாளில் அதற்குப் பைகிராப்ட்ஸ் ரோடு என்று பெயர். நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் அப்பா பேரம் பேசி முடிக்கும் வரை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் அது. 1904-இல் தொடங்கிய டி.யு.சி.எஸ். கூட்டுறவுக் கடையில் மாதச் சாமான் வாங்குவதும், 1948-லிருந்து நடக்கும் ரத்னா கபேயில் சாம்பாரில் முழுகிய இட்லியை வருடத்துக்கு இரண்டு முறை, அதுவும் பரீட்சை முடிந்த நாளில் மட்டும் சாப்பிடுவதும் அந்தப் பருவத்தின் பெரிய நிகழ்ச்சிகள். சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாள்களில், காற்று வாகாக அடித்தால், மைதானத்தின் ஆரவாரம் எங்கள் மொட்டை மாடி வரைக்கும் வரும்.

எங்கள் வீடு துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பாரதியார் குடியிருந்த வீட்டுக்குச் சில வீடுகள் தள்ளி இருந்தது. ஒரு முற்றம், ஒரு கிணறு, ஓர் அடிபம்பு. சுற்றிலும் ஏழு குடித்தனங்கள். எங்களுக்குக் கிடைத்தது பின்கட்டில் ஓர் அறையும் சமையலறையும்தான். ஆனாலும் அந்த வீட்டில் நெருக்கடி என்று ஒன்றை உணர்ந்ததாக எனக்கு நினைவில்லை. தெருவும் கோயிலும் குளக்கரையும் வீட்டின் தொடர்ச்சியாகவே இருந்தன. மார்கழியில் பெரிய மசூதியின் பாங்கு கேட்பதற்குள் வாசல் கோலம் முடிந்திருக்க வேண்டும் என்பது அம்மா வைத்திருந்த கணக்கு. 1795-இல் கட்டிய அந்த மசூதியின் பாங்கும், திருப்பாவைக் கோஷ்டியின் குரலும் எங்களுக்கு ஒரே விடியற்காலையின் இரண்டு ஒலிகள். வைகுண்ட ஏகாதசி இரவில் ஏழு குடித்தனப் பிள்ளைகளும் முற்றத்தில் பரமபதப் படத்தை விரித்துத் தாயக்கட்டை உருட்டுவோம். பெரிய பாம்பு கடித்து அடிக்கட்டத்துக்கு இறங்கியவர்கள் அழுதுவிடுவார்கள். அவர்களைச் சமாதானப்படுத்திக் கோயில் வரிசையில் கொண்டு நிறுத்துவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

பாரதியாரைக் கோயில் யானை தள்ளிய சம்பவத்தையும் பாட்டிதான் சொல்வாள். 1921-இல் அது நடந்தபோது அவள் சிறுமி. அவர் தினமும் அந்த யானைக்குப் பழம் கொடுப்பவர் என்று சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துவிடும். யானை மீது அவளுக்குக் கோபம் இருந்ததே இல்லை.

நான்கு மணிக்கு நடை திறந்ததும் உள்ளே சென்றேன். மூலவர் வேங்கடகிருஷ்ணனின் திருமேனி நெடிது உயர்ந்து நிற்பது. முகத்தில் மீசை; திருக்கரத்தில் சங்கு மட்டும் உண்டு, சக்கரம் இல்லை. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று கொடுத்த வாக்கை இன்றளவும் காப்பாற்றிக்கொண்டு, ருக்மிணிப் பிராட்டி, பலராமன், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன் என்று குடும்பத்தாரோடு சேர்ந்து நிற்கிறார். கூட்டம் குறைவாக இருந்ததால் உற்சவரை அருகில் நின்று சேவிக்க முடிந்தது. தேர்த்தட்டில் பீஷ்மரின் அம்புகளை ஏற்ற வடுக்கள் அந்தத் திருமுகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. சிறு வயதில் என்னைத் தூக்கிக் காட்டி, "நமக்காகத் தேரோட்டியவருக்கு வலித்திருக்காதா?" என்று பாட்டி கேட்பாள். அர்ச்சுனனுக்காக என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நமக்காக என்றுதான் சொல்வாள். அந்த வடுக்களை இந்த முறை பார்த்தபோது என்னால் கண்ணீரை அடக்க முடியவில்லை.

வேதவல்லித் தாயாரைச் சேவித்துவிட்டு, மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கும் நரசிம்மர் சந்நிதிக்கு வந்தேன். தெள்ளியசிங்கர் என்பது அவர் திருநாமம். எங்கள் தெருவுக்குத் துளசிங்கப் பெருமாள் என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் யோகத்தில் இருப்பதால் சந்நிதிக் கதவில் உள்ள மணிகளுக்கு நாக்கு கிடையாது. ஆறேழு வயதில் அந்த மணிகளைப் பார்த்துப் பார்த்தே நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்ளப் பழகினோம். இன்றும் அந்தக் கதவை நெருங்கியபோது என் நடை தானாகவே மெதுவாயிற்று.

பிரசாதமாகத் தொன்னையில் கிடைத்த சர்க்கரைப் பொங்கலைப் பற்றிச் சொல்லாமல் திருவல்லிக்கேணியைப் பற்றி எழுத முடியாது. கையில் எடுத்தால் விரலிடுக்கில் நெய் இறங்கும்; மடப்பள்ளிப் புகையின் மணமும் பச்சைக் கற்பூரத்தின் மணமும் சேர்ந்தே இருக்கும். இந்தக் கோயிலில் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டு பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தது. கோயில் நிலம் அடகுக்குப் போனதால் பெருமாளுக்கு அமுது குறைந்துபோக, ஒருவர் அந்த நிலத்தை மீட்டு மீண்டும் திருவமுது நடக்க வழிசெய்தார் என்பதே அதில் உள்ள செய்தி. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னும் இந்த ஊர்க்காரர்களின் கவலை பெருமாளுக்குத் தளிகை குறையக்கூடாது என்பதாகவே இருந்திருக்கிறது. தொன்னையைக் கழுவிப் போட மனமில்லாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அல்லி மலர்ந்த கேணி என்பதால்தான் ஊருக்கே திருவல்லிக்கேணி என்று பெயர். அந்தக் கேணிதான் கைரவிணிப் புஷ்கரிணி. ராமாநுஜர் 1017-இல் அவதரிப்பதற்கு முன், அவருடைய பெற்றோர் பிள்ளை வரம் வேண்டி இந்தக் கரையில்தான் வேள்வி செய்தார்கள் என்று வைணவ ஆசாரியர்களின் வரலாற்றைச் சொல்லும் குருபரம்பரை கூறுகிறது. நான் வளர்ந்த காலத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் குளம் வெடித்துக் கிடந்ததையும், பையன்கள் அதற்குள் இறங்கிக் கிரிக்கெட் ஆடியதையும் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வீட்டுக் கிணறும் கூடவே வற்றிவிடும். குடத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா எந்தத் தெருவுக்கெல்லாம் போனாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே, இந்த ஆண்டு மாசியில் படிகள் பல மூழ்கும்படி நீர் நின்றதைக் கண்டதும் கைகூப்பி நின்றுவிட்டேன். கோயில் குளத்தில் நீர் நிற்பது உற்சவத்தின் அழகுக்காக மட்டுமன்று. சுற்றிலும் குடியிருக்கிற அத்தனை வீடுகளின் கிணற்றுக்கும் அது உயிர்.

இருட்டியதும் பெருமாள் உபய நாச்சியார்களோடு தெப்பத்தில் எழுந்தருளினார். நாற்புறமும் படிகள் தெரியாதபடி மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்க, தெப்பம் அசைவதே தெரியாமல் நகர்ந்து, நீராழி மண்டபத்தைச் சுற்றி வந்தது. நாதஸ்வரம் தண்ணீரின் மேல் வரும்போது அதன் ஒலி தெருவில் கேட்பதைவிடக் குளிர்ந்து கேட்கும். தெப்பம் எங்கள் பக்கம் திரும்பிய ஒரு கணத்தில், அத்தனை விளக்குகளும் நீரில் நீண்டு வந்து நான் அமர்ந்திருந்த படியைத் தொட்டன. திருமங்கையாழ்வார் இத்தலத்துப் பாசுரங்களில் 'திருவல்லிக்கேணிக் கண்டேனே' என்று முடித்திருப்பதன் பொருள் எனக்கு அந்தக் கணத்தில் விளங்கியது.

1978-ஆம் ஆண்டின் மூன்றாம் நாள் தெப்பத்துக்குப் பாட்டியால் வர முடியவில்லை. தை மாதத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பின்கட்டு அறையில் படுத்த படுக்கையாக இருந்தாள். எங்களைத் தெப்பத்துக்கு அனுப்பியவள், "என்ன மாலை சாத்தியிருக்கிறது என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். நானும் தம்பியும் தெப்பத்தை மறந்து மாலையையே பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னோம். ஆனால் தெப்பம் முடிந்து பெருமாள் வீதி புறப்பாடு தொடங்கியதும், முன்னே வரும் வாத்திய ஒலி தெருமுனையில் திரும்பியதைப் பாட்டி படுக்கையிலிருந்தபடியே கண்டுகொண்டாள். ஒன்றும் பேசவில்லை; எழுந்திருக்க முயன்றாள். அப்பாவும் மாடிக் குடித்தனக்காரரும் அவளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தூக்கி, ரேழி வழியாகக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார்கள்.

திவ்யப் பிரபந்த கோஷ்டி முன்னே சென்றது. பின்னால் குடைகளும் தீவட்டிகளும் வர, பெருமாள் எங்கள் வாசலில் நின்றார். அம்மா தட்டைச் சமர்ப்பித்தாள். தீபாராதனை ஆனதும், பட்டர் திண்ணையைப் பார்த்தவர், பெருமாளைத் தோளில் சுமந்து வரும் ஸ்ரீபாதம் தாங்கிகளைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டு, தாமே படியேறி வந்து பாட்டியின் தலையில், பெருமாளின் திருவடி பொறித்த ஸ்ரீசடாரியைச் சாதித்தார். பாட்டிக்கு அப்போது பார்வையும் மங்கியிருந்தது. "சுவாமி, இன்றைக்கு என்ன மாலை?" என்று கேட்டாள். நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம், ஆனாலும் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் திரும்பிச் சென்று, பெருமாள் மாலையிலிருந்து ஒரு துளசிக் கொத்தை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். வேத பாராயண கோஷ்டியும் கடந்து தெரு இருட்டும் வரை பாட்டி அந்தக் கையைத் திறக்கவே இல்லை. சித்திரையில் அவள் பரமபதித்தாள்; நாங்கள் ஊரைவிட்டுப் போனது அதற்கு அடுத்த மாதம்.

அந்த வாசலில் நின்று புறப்பாட்டைச் சேவிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணத்தில் மூன்றாம் நாளைத் தேர்ந்தெடுத்தேன். தெப்பம் முடிந்ததும் கூட்டத்துக்கு முன்பாக நடந்து எங்கள் தெருவுக்கு வந்துவிட்டேன். வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி அடுக்ககம் இருக்கிறது. திண்ணை இல்லை, ரேழி இல்லை, கிணறு எங்கே இருந்தது என்று ஊகிக்கவும் வழியில்லை. பாரதியார் இல்லத்திலிருந்து வாசல்களை எண்ணிக்கொண்டு வந்து, இங்கேதான் இருக்க வேண்டும் என்று ஓர் இரும்புக் கதவின் அருகே நின்றேன். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஓர் இளம்பெண், நீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத் தேங்காய்த் தட்டோடு வந்தவள், "மாமி, ஏன் ஓரமாக நிற்கிறீர்கள்? முன்னால் வந்து சேவியுங்கள்" என்று என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டாள். முன்பு இங்கே குடியிருந்தோம் என்று சொன்னேன். தட்டின் ஒரு பக்கத்தை என்னையும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

வாத்தியம் தெருமுனையில் திரும்பியது. கோஷ்டி கடந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் எந்த இடத்தில் நின்றாரோ ஏறக்குறைய அதே இடத்தில், அதே முகத்தோடு, அதே வடுக்களோடு பெருமாள் நின்றார். தீபாராதனை ஒளியில் மாலையை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பட்டர் அந்தப் பெண்ணுக்கும், அவள் இடுப்பிலிருந்த குழந்தைக்கும், எனக்கும் ஸ்ரீசடாரி சாதித்தார்.

புறப்பாடு அடுத்த வாசலுக்கு நகர்வதற்குள் கைப்பேசி ஒலித்தது. கோயம்புத்தூரிலிருந்து அம்மா. நலமாக வந்து சேர்ந்தாயா, கூட்டம் அதிகமா என்ற எதையும் அவள் கேட்கவில்லை.

"என்ன மாலை சாத்தியிருந்தது?" என்றாள்.

"சம்பங்கி, அம்மா. இடையிடையே மருக்கொழுந்து. அடியில் துளசி" என்றேன். மறுமுனையில் அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் கைப்பேசியை உயர்த்தி, நகர்ந்து போய்க்கொண்டிருந்த வேத கோஷத்தை அவள் கேட்கும்படி பிடித்துக்கொண்டு நின்றேன்.