கண்ணுக்குத் தெரியாத கட்டமும் ஒரு புது மானிட்டரும்

ஒருவருக்குத் துண்டுப் பிரசுரம் செய்து கொடுத்தேன். வெள்ளைப் பின்னணி, மேல் மூலையில் அவருடைய லோகோ, அவ்வளவுதான். அச்சாகி வந்ததைப் பார்த்தால் லோகோவைச் சுற்றி வெளிர் மஞ்சளில் ஒரு கட்டம், ஒட்டுப் போட்ட மாதிரி நிற்கிறது. அவர் அனுப்பிய ஜேபெக் ஃபைலின் பின்னணி சுத்த வெள்ளை இல்லை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 இருந்தால்தான் சுத்த வெள்ளை, இதில் 252, 251, 246 என்று லேசாகப் பழுத்த வெள்ளை. மூன்று நாள் அதன் முகத்திலேயே விழித்தும் என் மானிட்டரில் அது தெரியவே இல்லை. அச்சகத்தைக் குறை சொல்லவும் வழியில்லை, ஃபைலில் இருந்ததைத்தான் அடித்திருக்கிறார்கள். மறுபடி அச்சடித்த செலவு என் தலையில்.

என்னுடையது பழைய டிஎன் பேனல், அதாவது பார்க்கிற கோணம் மாறினால் நிறமும் மாறுகிற மலிவு வகைத் திரை. தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் சாம்பல் நிறம் கருக்கும், எழுந்து நின்றால் வெளுக்கும், ஒரே நிறத்தைத் திரையின் மேலே வைத்தால் ஒன்று, கீழே வைத்தால் இன்னொன்று. இதில் உட்கார்ந்துகொண்டுதான் நான் நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, புதிது வாங்கலாம் என்று இறங்கினால் கையில் இருக்கும் பணத்துக்கு எல்லாம் கிடைக்காது, எதை விடுவது என்றுதான் யோசிக்க வேண்டியிருந்தது. நான் முதலில் விட்டது 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கிற வேகம், அசையாத போஸ்டருக்கு அது எதற்கு? அடுத்தது வளைந்த திரை, நேர்கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு அது வீண் வம்பு. மிகுந்த வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் காட்டுவதாகச் சொல்லும் எச்டிஆர் ஸ்டிக்கரையும் விட்டேன். மலிவு மானிட்டரில் அதற்குப் பெரிய அர்த்தமில்லை, 400 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம் இருந்தாலும் அச்சு வேலைக்கு நாம் வைக்கப்போவது 80 முதல் 120 நிட்தான். (அநேகம் பேர் திரையைக் கண் கூசுகிற அளவுக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, அச்சில் இருட்டாக வந்துவிட்டது என்று புலம்புவார்கள். நானும் புலம்பியிருக்கிறேன்.)

விடக்கூடாதது பேனல். கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை வாங்குங்கள். விஏ என்கிற இன்னொரு வகைப் பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், கான்ட்ராஸ்ட் ஐபிஎஸ்ஸைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு, சினிமா பார்க்க அருமை, ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் அடர் நிறங்கள் மாறும். ஐபிஎஸ்ஸில் இருட்டறையில் மூலைகள் கொஞ்சம் பளபளக்கும், அதோடு வாழப் பழகிக்கொள்ளலாம்.

அட்டைப்பெட்டியில் போடுகிற சதவீதம் ஒரு பெரிய பொறி. '72% என்டிஎஸ்சி' என்று பார்த்ததும் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும், உண்மையில் அது பரப்பளவில் எஸ்ஆர்ஜிபிக்குக் (சாதாரணத் திரைகளுக்கும் இணையத்துக்கும் பொதுவான நிற எல்லை) கிட்டத்தட்ட சமம். '45% என்டிஎஸ்சி' என்றால் எடுக்கவே வேண்டாம், சிவப்பெல்லாம் செங்கல் நிறத்தில் தெரியும். என்டிஎஸ்சி என்பது 1953இல் கலர் டிவிக்காக வகுத்த அளவு, அதை இன்னும் ஏன் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். எஸ்ஆர்ஜிபி 99 அல்லது 100 சதவீதம், டெல்டா ஈ 2க்குக் கீழே என்று தெளிவாக எழுதியிருப்பதைத் தேடுங்கள். டெல்டா ஈ என்பது காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டுகிற நிறத்துக்கும் உள்ள இடைவெளி, 2க்குள் இருந்தால் சாதாரணமாகக் கண்ணுக்குப் பிடிபடாது. அதைவிட அகலமான நிற எல்லை உள்ள மானிட்டர் என்றால், மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலர் மேனேஜ்மென்ட் இல்லாத மென்பொருளில் நிறமெல்லாம் அளவுக்கு மீறிக் காரமாகத் தெரியும். அந்த மோடில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்றும் பாருங்கள், சிலவற்றில் பூட்டி வைத்திருப்பார்கள்.

அளவில் ஆசைப்படாதீர்கள். 27 அங்குலத்தில் 1920×1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான், எழுத்தின் ஓரம் ரம்பப் பல் மாதிரி தெரியும். அதே 27இல் 2560×1440 என்றால் 109, அது சுகம். பட்ஜெட் அதற்கு எட்டாவிட்டால் 24 அங்குலமே போதும். நான் எடுத்தது ஏசுஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி வகை, 24.1 அங்குலம், 1920×1200. உயரத்தில் கூடுதலாக இருக்கிற 120 பிக்சலின் அருமை டூல் பேனல்களைத் திறந்தால்தான் தெரியும்.

வாங்குமுன் நேரில் பார்க்க முடிந்தால் ஒரு பென்டிரைவில் சொந்த ஃபைல்களைக் கொண்டு போங்கள். நான் கொண்டு போனது நான்கு: சுத்த வெள்ளையின் மேல் 250 முதல் 254 வரை ஐந்து சதுரங்கள், கறுப்பில் அதே போல ஐந்து, திரை முழுக்க ஒரே சாம்பல், அப்புறம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகத்தின் போட்டோ. முதல் மானிட்டரில் ஐந்தில் இரண்டு சதுரம்தான் தெரிந்தது. இன்னொன்றில் சாம்பல் திரையின் இடது ஓரம் ரோஜா நிறத்துக்குச் சாய்ந்திருந்தது, பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தும் ஏமாந்தேன். எச்டிஎம்ஐயில் இணைத்ததும் எல்லாம் சாம்பல் பூசினாற்போல வெளிறிக் கிடந்தது. மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கலாமா என்கிற வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் பார்த்தால் கிராபிக்ஸ் கார்டு 0–255க்குப் பதிலாக டிவிக்கு அனுப்புவதுபோல 16–235 என்று அனுப்பிக்கொண்டிருக்கிறது. டிரைவர் செட்டிங்கில் ஃபுல் ரேஞ்ச் என்று மாற்றியதும் கறுப்பு கறுப்பானது. டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோட், நைட் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, திரையின் நிறத்தை அளக்கிற நண்பரின் கேலிபரேஷன் கருவியை ஒரு நாள் இரவல் வாங்கி, நிறத்தைச் சரியாகக் காட்ட உதவும் ஒரு ப்ரொஃபைல் எடுத்தேன். முதல் வாரம் எல்லாமே மஞ்சளடித்த மாதிரி இருந்தது. கண் பழைய திரையின் நீலச் சாயலுக்குப் பழகியிருந்திருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் அந்தத் துண்டுப் பிரசுரத்தைத் திறந்து பார்த்தேன். லோகோவைச் சுற்றிக் கட்டம், பட்டப்பகலாகத் தெரிகிறது. பழைய டிஎன் இப்போது பக்கத்தில் மெயில் பார்க்க நிற்கிறது, படம் எதையும் அதில் நான் திறப்பதில்லை.