பாம்புச் செடிக்கு வந்த புதுப் பெயர்

ஏர்வாடிப் பக்கம் ஒரு நர்சரி. கத்தி மாதிரி நிமிர்ந்த இலை, குறுக்கே சாம்பல் பச்சைப் பட்டை, ஓரம் மட்டும் மஞ்சள். சீட்டில் ‘சான்செவேரியா டிரைஃபேசியேட்டா’.

"அண்ணே, இதுக்குப் பேரை மாத்திட்டாங்க."

"விலை அதேதான் தம்பி."

மேற்கு ஆப்பிரிக்கச் செடி. சீட்டில் இருப்பது 1903இல் தாவரவியலாளர் பிரெய்ன் வைத்த பெயர். அப்புறம் மரபணுவைப் பார்த்தால், சான்செவேரியா மொத்தமும் டிரசீனா பேரினத்துக்குள்ளேயே அடங்குகிறது. 2017இல் மேபர்லி என்ற தாவரவியலாளர் இதை டிரசீனா டிரைஃபேசியேட்டா ஆக்கினார். எனக்கென்னவோ பழைய பெயர்தான் வாயில் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், நம்ம பக்கத்து மருள் செடியும் இதே கூட்டம். அதுவும் இப்போது டிரசீனாதான். வில் நாணுக்கே நார் கொடுத்த செடி, கடையில் கேட்டால், "அதை யாருங்க காசு குடுத்து வாங்குவா?" என்கிறார்.

ஆப்பிரிக்கப் பங்காளிக்கு மட்டும் பீங்கான் தொட்டி!