சமணர் மலை: அய்யனார் வாசலில் இருந்து தீபத்தூண் வரை

மதுரையிலிருந்து தேனி சாலையில் போனால், நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இடப்புறம் பிரிகிற பாதை கீழக்குயில்குடிக்குப் போகும். பழைய சமணச் சிற்பங்கள் இருக்கும் சமணர் மலை அங்கேதான். தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அய்யனாரையும் கருப்பசாமியையும் கும்பிட்டுவிட்டு ஏறுவதுதான் ஊர் வழக்கம். படி கோயிலுக்குப் பின்னாலிருந்தே தொடங்குகிறது.

காலை ஆறரைக்குள் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும், மேலே நிழல் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். பையின் ஜிப்பை மூடி வைக்கணும், குரங்குகள் விடாது. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். பாசி படிந்த சரிவில் கம்பியைப் பிடித்தாலும் கால் வழுக்கும்.

படி ஏறியதும் சுனையோடு பேச்சிப்பள்ளம் என்ற இடம். பாறையில் ஒரே வரிசையில் செதுக்கிய எட்டுச் சமணத் திருமேனிகள், ஏறத்தாழ 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை. தலைக்கு மேல் நாகம் படம் விரித்தால் பார்சுவநாதர், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவர். காலில் கொடி சுற்றியிருந்தால், அசையாமல் நின்று தவம் செய்த பாகுபலி. கீழே இருப்பது வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்துமுறை. உச்சி வெயிலில் அது வெறும் கீறலாகத்தான் தெரியும், சாய்ந்த வெயிலில்தான் எழுத்தின் வளைவு பிடிபடும். ‘செய்வித்த திருமேனி’ என்ற சொற்கள் இந்த மலைக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். யாரோ ஒருவர் வேண்டிக்கொண்டு செய்துவைத்தது என்று தெரிந்து நின்றால், கை தானாகக் கூப்பும்.

கும்பிடுங்கள், ஆனால் எண்ணெய், குங்குமம், சூடம் எதுவும் வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டி, முகமே மறைந்துபோகும். எழுத்தில் சுண்ணக்கட்டி தேய்க்கவும் கூடாது. பாறையில் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்க்கையில் வயிறு எரிகிறது.

இன்னும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சம். உச்சியில் தீபத்தூண். அங்கே நின்றால் கிழக்கே மதுரை நகரம் முழுக்க விரியும், வடக்கே நாகமலை நீளமாகக் கிடக்கும், தென்கிழக்கே திருப்பரங்குன்றம், வடகிழக்கே தூரத்தில் யானைமலை.

செட்டிப்புடவு என்ற குகையை உச்சியிலிருந்து தேடிப் பலர் வழி தவறுகிறார்கள். அது தென்மேற்குப் பக்கம். கீழே இறங்கி, அடிவாரத்தைச் சுற்றித்தான் போகணும். வாசலில் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று நினைத்து ஊர் வைத்த பெயர் அது. குகைக்குள் குனிந்து போய் மேலே பாருங்கள்: சிங்கத்தின் மேல் ஏறி, யானைமேல் வருபவனை எதிர்க்கிற இயக்கி, சமணரின் பெண் தெய்வம்.