அட்டைப்பெட்டி சீரியலை நிறுத்தி, வீட்டுக் காலை உணவுக்கு மாறுகிறோம்

பள்ளி ஏழரைக்குத் தொடங்குகிறது. ஆறரைக்கெல்லாம் பிள்ளைகள் மின்தூக்கிக்கு முன்னால் நிற்க வேண்டும். பாலை ஊற்றினால் முடிந்தது என்ற வசதியால்தான் சாக்லேட் சீரியல் எங்கள் வீட்டில் இத்தனை காலம் இருந்தது. பெட்டியில் ஒரு வேளைக்கு 30 கிராம் என்று போட்டிருக்கும். பிள்ளைகள் தாங்களாகவே கொட்டிக்கொள்வதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ இரண்டு மடங்கு! சர்க்கரையும் அதே கணக்கில்தானே ஏறும்? அன்றே மாற்றிவிட முடிவு செய்தேன்.

ருசியில் நம் பலகாரங்கள் எந்தச் சீரியலுக்கும் குறைந்தவை அல்ல. நேரம்தான் சிக்கல். காலையில் அடுப்பு வேலை பத்து, பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அந்த உணவு எங்கள் வீட்டில் நிலைக்காது. அதனால் வேலையை முந்தைய இரவுக்குத் தள்ளிவிட்டேன்.

இட்லி மாவுக்கு ஞாயிறு மதியம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். இங்கே சிங்கப்பூர் வெக்கையில் மாவு சீக்கிரமே பொங்கிவிடும். இரவு முழுக்க வெளியே வைத்தால் காலையில் புளிப்பு தூக்கலாக இருக்கும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். மதியம் அரைத்து, பொங்கியதும் இரவே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். உப்பை அரைத்தவுடனே போடுவதால் புளிப்பும் சற்று மெதுவாக ஏறுகிறது. திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் ஊத்தப்பம். அதற்குமேல் மாவை இழுப்பதில்லை.

எங்கள் வீட்டில் பெரிய வெற்றி புட்டுதான். தேக்கா சந்தையில் வாங்கிய சிவப்பரிசிப் புட்டு மாவில் இரவே உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி, மூடி குளிரில் வைப்பேன். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். காலையில் குழாயில் தேங்காய்த்துருவலோடு அடுக்கி, ஆவி வந்தபின் ஐந்தாறு நிமிடம். சீனிக்குப் பதில் குலா மலாக்கா என்னும் பனைவகை வெல்லத்தைச் சீவிப் போட்டேன். அதே வெல்லத்தை உள்ளே வைத்து மலாய்க்காரர்கள் அவித்து விற்கும் அரிசிமாவுப் பலகாரமான புத்து பிரிங் எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உயிர், அதனால் இதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வாழைப்பழமும் சேர்ந்தால் இடைவேளை வரை பசி தாங்குகிறது.

சின்னவனுக்கு மட்டும் பாலில் மொறுமொறுவென்று ஏதாவது மிதக்க வேண்டும். அதற்குக் கெட்டி அவலைச் சிறு தீயில் கொஞ்சம் கொஞ்சமாக வறுத்து, வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, பூசணி விதை சேர்த்து, இரண்டு கரண்டி வெல்லப்பாகில் புரட்டி ஆறவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. சூடு முழுதும் ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் மூடி சற்றுத் தளர்ந்தாலும் நமத்துவிடும். பெரிய டப்பாவில் ஒரேயடியாகப் போடாமல் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைப்பது நல்லது.

கேழ்வரகுக் கஞ்சி பெரியவர்களோடு நின்றுவிட்டது. பாண்டான் இலை போட்டுக் காய்ச்சினால் வாசம் அருமை, ஆனால் பிள்ளைகளுக்கு நிறம் பிடிக்கவில்லை. அதே மாவில் வெங்காயம், முருங்கைக்கீரை போட்ட அடையைச் சாப்பிடுகிறார்கள், அது சனிக்கிழமைக்கு.

வெள்ளி இன்னும் காலியாக இருக்கிறது. இப்போதைக்கு ரொட்டியும் அவித்த முட்டையும். அடுத்து, இரவே பாசிப்பயறு ஊறவைத்துக் காலையில் இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்து தோசையாக ஊற்றிப் பார்க்கப்போகிறேன். இதற்குப் புளிக்கவைக்கும் வேலையே இல்லை.