ஜெயித்த குதிரைக்காக 11 நாள் பதில் சொன்ன கதை

தை 5-ஆம் நாள் பெண்ணையாற்றுத் திருவிழா முடிந்த மறு ஞாயிறு. கடலூருக்கு மேற்கே ஒரு ஊரில் குதிரை வண்டிப் பந்தயம், போக வர 6 கிலோமீட்டர். எங்கள் செவலை முதலில் வந்து நின்றது. கைதட்டல் வரவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்தான் வந்தது: "இது அந்தக் குதிரையே இல்ல. மாத்தி ஓட்டிட்டானுங்க."

சொன்னவரை நான் குறை சொல்ல மாட்டேன். போன வருஷம் இதே ரோட்டில் 9 வண்டியில் எட்டாவதாக வந்த குதிரை அது. பாதி வழியில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ரோட்டோரம் இழுத்தது. அதுவே இந்த வருஷம் 2 வண்டி நீளம் முந்தி வந்தால் யாருக்கும் கேட்கத் தோன்றும். கூட்டத்தில் பணம் கட்டியவர்களும் இருந்தார்கள். கட்டக் கூடாதுதான். ஆனால் கட்டியவனுக்குப் போன பணம் வயிற்றெரிச்சல், அது முதலில் நம் மேல்தான் விழும். குதிரையை மாற்றியது ஒன்று, ஊசி போட்டது ஒன்று என்று இரண்டு புகார். விழாக் குழு பரிசை நிறுத்தி வைத்தது.

எனக்குக் கை நடுங்கியது. குதிரையை அவிழ்த்து நேராக வீட்டுக்கு ஓட்டிவிடலாம் என்றுதான் போனேன். மாமா குறுக்கே வந்து நின்றார். அம்மாவின் தம்பி, கிண்டி ரேஸ் லாயத்தில் 22 வருஷம் குதிரை பார்த்தவர். "இப்ப ஓட்டிட்டுப் போனன்னா இந்தப் பேரு சாகற வரைக்கும் போவாது. நீயே போய் டாக்டர் கிட்ட கேளு. ரத்தம் எடுங்க, மூத்திரம் எடுங்கன்னு நீயே சொல்லு" என்றார். அந்த ஒரு பேச்சுதான் எங்களைக் காப்பாற்றியது.

ரேஸ் கோர்ஸில் இதெல்லாம் அன்றாடம் என்றார். ஜெயித்த குதிரையை மாதிரி எடுக்கக் கூட்டிப் போவார்கள். எடுத்ததை இரண்டாகப் பிரித்து, ஆள் முன்னால் சீல் வைத்து, கையெழுத்து வாங்குவார்கள். முதல் பாதியில் மருந்து தெரிந்தால் மறு பாதியையும் சோதிக்கச் சொல்லிக் குதிரைக்காரர் கேட்கலாம். மோசமாக ஓடிய குதிரை திடீரென்று நன்றாக ஓடினால் பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பார்கள். "கேக்கறது அவங்க வேல, சொல்றது நம்ம வேல. இதுல என்ன அவமானம்?"

பந்தயத்துக்கு வந்திருந்த கால்நடை மருத்துவர் கழுத்து முழுக்கத் தடவி ஊசிக் குத்து இருக்கிறதா என்று பார்த்தார். நாடி பிடித்தார். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28-லிருந்து 44 வரை துடிக்கும். எங்களுடையது அரை மணி நேரத்தில் 52-க்கு இறங்கியிருந்தது. அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தார். மூத்திரம்தான் வரவில்லை. மாமா வேப்பமரத்தடியில் வைக்கோலைப் பரப்பி, செவலையை அதன் மேல் நிறுத்தி, உதட்டைக் குவித்து நீளமாக, மெல்லமாகச் சீழ்க்கை அடித்தார். நிறுத்துவார், திரும்ப அடிப்பார். சுற்றி நின்று சத்தம் போட்டவர்கள்கூட அடங்கிப் போனார்கள். கால் மணி நேரம் கழித்து அது பின்காலை அகட்டியது. மாமா குவளையோடு குனிந்தார்.

அடுத்தது குதிரையை மாற்றினோம் என்ற புகார். இடது பின்காலில் இருக்கும் வெள்ளை பெயின்ட்தான் என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான். போன வருஷ வீடியோவில் அந்தக் கால் சேறாக இருந்தது, வெள்ளை தெரியவில்லை. அப்படி ஒன்று நடந்திருக்கிறது என்பதும் நிஜம். 1984 ஆகஸ்ட்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ஃபைன் காட்டன் என்ற சுமாரான குதிரையின் பேரில் அதைவிட நல்ல குதிரை ஒன்றுக்குச் சாயம் பூசி, காலுக்கு வெள்ளை அடித்து ஓட்டினார்கள். ஜெயித்த கையோடு பிடிபட்டார்கள். அதனால் அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அவன் கையிலேயே கொடுத்தேன். தேய்த்தான். துணியில் புழுதிதான் வந்தது.

இதை முடித்து வைத்தது சுழி. அந்தியூர்ச் சந்தையில் இதை வாங்கியபோது நெற்றியில் மேலும் கீழுமாக 2 சுழி இருக்கிறது, ஆகாது என்று சொல்லித்தான் விலையைக் குறைத்தார்கள். போன வருஷம் பதிவு நேரத்தில் குழுவில் ஒரு பெரியவரும் அதையே சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அது என் மனைவி எடுத்த வீடியோவில் சத்தத்தோடு இருந்தது. சுழி ஆளின் கைரேகை மாதிரி, வளர்ந்தாலும் இடம் மாறாது. ரேஸ் குதிரையின் பாஸ்போர்ட்டிலேயே அதைக் குறித்து வைப்பார்களாம். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடியோவையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுதாம்பா அது" என்றார். டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, 5 வயசு சரி என்று எழுதினார்.

ஏன் திடீரென்று ஓடியது என்ற கேள்வி மட்டும் பாக்கி. அதற்கு என்னிடம் ஒரு டாக்டர் சீட்டு இருந்தது, காட்டத்தான் பயம். கார்த்திகை மாசம் லத்தியில் கொள்ளு முழுசு முழுசாக வந்தது. பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பியது. புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி பிடித்துக் கொண்டு போனேன். குதிரைக்குப் பல் கடைசிவரை முளைத்துக்கொண்டே இருக்கும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மேல் கடைவாய்ப்பல்லின் வெளி ஓரம் தேயாமல் கத்தி மாதிரி கூராகிவிடும். கடிவாளத்தை இழுக்கும்போதெல்லாம் கன்னத்தின் உள்சதை அதில் கிழிந்திருக்கிறது. போன வருஷம் அது தலையைச் சாய்த்தது அந்த வலியில்தான். நான் சாட்டையைக் காட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. டாக்டர் நீள அரத்தை விட்டு அராவினார், வலிக்கு ஒரு ஊசி போட்டார்.

அந்த ஊசிதான் என் பயம். சீட்டில் எழுதியிருந்தது. மறைத்துவிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "மறைச்சது வெளிய வந்தா அப்புறம் நீ சொல்ற உண்மையயும் எவன் நம்புவான்?" என்றார். காட்டினேன். உடனே "பாத்தியா, ஊசி!" என்று ஒரு சத்தம் எழுந்தது. தேதியைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். பந்தயத்துக்கு 40 நாள் முன்னால் போட்டது. அந்த மருந்து இத்தனை நாள் உடம்பில் தங்காது என்று குழுவிடம் பொறுமையாக விளக்கினார்.

மாதிரியை டெல்லியில் இருக்கும் ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம், செலவில் பாதி நான் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். புகார் சொன்ன பக்கம் செலவில் மறு பாதியைத் தர வரவில்லை, சோதனை நின்றுபோனது. 11-ஆம் நாள் குழு புகாரைத் தள்ளிவிட்டுப் பரிசைக் கையில் கொடுத்தது. அந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆதங்கம். நடந்திருந்தால் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் 2 பேருக்கு நான் காகிதத்தைக் காட்டியிருப்பேன்.

இப்போது லாயத்து ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. லாடம் அடித்த தேதி, போட்ட மருந்து, யார் போட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. முதல் பக்கத்தில் நெற்றிச் சுழியின் படம். பரிசில் பாதியை மாமாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "ஆறு மாசத்துக்கு ஒருக்கா பல்லு பாக்கணும், வெச்சுக்கோ" என்றார். ஆடியில் குரும்பாபேட்டுக்குப் போகிறோம்.