இயக்கவியல் வகுப்புக்குள் வந்த ராக்கெட் விளையாட்டு

இளநிலை இயற்பியல் மாணவர்களுக்கு இயக்கவியல் எடுக்கிறேன். கெப்ளர் விதிகளைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளைகள்தான். ஆனால், ஒரே வட்டப்பாதையில் முன்னால் போகும் கலத்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்டால், "வேகத்தைக் கூட்டணும் மேம்" என்று வகுப்பே தவறாகச் சொல்லும். அதற்காகத்தான் ராக்கெட் கட்டி ஏவும் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்ற வீடியோ கேமைப் பாடத்துக்குள் கொண்டுவந்தேன்.

கேம் என்ற சொல்லோடு போய் நின்றால் கல்லூரியில் அனுமதி கிடைக்காது. எந்த அலகு, என்னென்ன கணக்கு, இன்டர்னலில் எவ்வளவு மதிப்பெண் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அசைன்மென்ட்டாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். லேப் கணினிகளில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. காட்சித் தரத்தைக் குறைத்ததும் ஓடியது. மூன்று பேருக்கு ஒரு கணினி.

தாளில் கணக்குப் போட்டுக் காட்டாமல் யாரும் ராக்கெட்டை ஏவக்கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தேன். இல்லாவிட்டால் எரிபொருள் தொட்டிகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். அதில் இயற்பியல் எங்கே இருக்கிறது? விளையாட்டில் வரும் கெர்பின் கோளின் ஆரம் 600 கி.மீ.தான், தரையில் ஈர்ப்பு முடுக்கம் பூமியில் உள்ளதே. 100 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற நொடிக்கு ஏறத்தாழ 2,246 மீட்டர் வேகம் வேண்டும் என்று கணக்கு சொல்லும். ஏவிப் பார்த்தால் திரையிலும் அதே அளவு. தாங்கள் போட்ட விடை கண்முன்னே சரியாக வருவதைப் பார்த்த பிறகு கடைசி பெஞ்சுப் பையன்களும் கால்குலேட்டரைக் கீழே வைக்கவில்லை.

அடுத்து இரண்டு கலங்களை இணைக்கும் வேலை. எல்லாக் குழுக்களும் இலக்கைப் பார்த்தே எஞ்சினை இயக்கின. பாதை உயர்ந்து, சுற்றுக்காலம் கூடி, கலம் பின்தங்கியது. 1965இல் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தை ஓட்டிய மெக்டிவிட்டும் இதே சிக்கலில்தான் மாட்டினார் என்று அப்போது சொன்னேன். வேகத்தைக் குறைத்துக் கீழ்ப்பாதைக்கு இறங்கினால் சுற்று சீக்கிரம் முடியும், முன்னால் போவதை எட்டலாம். பலகையில் நான் பலமுறை வரைந்து காட்டியும் பதியாதது, கலம் கைநழுவிப் போனபோது பதிந்தது. 2025 ஜனவரியில் இஸ்ரோ ஸ்பேடெக்ஸ் கலங்களை இணைத்தது எவ்வளவு நுட்பமான வேலை என்று இனி இவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு மாணவி, "ஆதித்யா-எல்1ஐ இதில் நிறுத்த முடியுமா மேம்?" என்று கேட்டாள். முடியாது. இந்த விளையாட்டில் ஒரு நேரத்தில் ஒரே வான்பொருளின் ஈர்ப்புதான் கலத்தை இழுக்கும். சூரியனை ஆராயும் ஆதித்யா இருப்பது எல்1 என்ற லெக்ராஞ்சுப் புள்ளியை ஒட்டி; சூரியனும் பூமியும் சேர்ந்து இழுத்தால்தான் அப்படி ஒரு புள்ளியே உண்டாகும். இதைக் கணக்கால் நிறுவிக் காட்டுவதையே அடுத்த அசைன்மென்ட்டாகக் கொடுத்துவிட்டேன்.