திருப்பூரில் நாலு ராத்திரி

எங்கள் ஊத்துக்குளிக்காரர்களுக்குத் திருப்பூர் போய்விட்டுத் திரும்புகிற ஊர். தங்குகிற ஊர் இல்லை. 15 கிலோமீட்டர்தான். துணி எடுக்க, பல் பிடுங்க, ரேஷன் கார்டில் பெயர் திருத்த என்று நூறு தடவை போயிருப்பேன். பொழுது சாய்ந்தால் பஸ் ஏறிவிடுவோம். முப்பத்தாறு வயதில் ஒரு ராத்திரிகூட நான் அங்கே கண் அசந்ததில்லை. போன பங்குனியில் ஒரு புதன்கிழமை, ரெண்டு செட் துணியும் ஆத்தாவுக்குத் தெரியாமல் எடுத்த அரைக்கிலோ வெண்ணெயுமாகக் கிளம்பினேன். ஞாயிறு வரைக்கும் அங்கேயே இருப்பது என்று முடிவு.

உலகத்தைச் சுற்றிப் பார்க்க எல்லோரும் விமானம் ஏறுகிறார்கள். இங்கே உலகம் பனியன் வாங்கவும் பனியன் தைக்கவும் தானாக வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று பக்கத்து ஊர்க்காரனான எனக்குத் தெரியவில்லையே என்கிற ஆதங்கம் ரொம்ப நாளாக இருந்தது.

முதல் ராத்திரி, வெளிநாட்டு பையர்கள் தங்குகிற ஒரு பெரிய ஓட்டல். காலையில் வரிசையாகப் பாஸ்தா, வெண்ணெய் ரொட்டி, காரமில்லாத உருளைக்கிழங்கு, ஓரமாக இட்லி. ஜெர்மன்காரர் சாப்பிட்டாலும் ஜப்பான்காரர் சாப்பிட்டாலும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சமைத்த சாப்பாடு. அதனாலேயே அது எந்த நாட்டுச் சாப்பாடாகவும் இல்லை. பத்து மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டேன்.

அடுத்த ரெண்டு ராத்திரி காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜ். என் ஆதாரைப் பார்த்துவிட்டு மேனேஜர், "ஏனுங் தம்பி, ஊடு ஊத்துக்குளீல இருக்குது, இங்க எதுக்குங் ரூமு?" என்றார். சாப்பிட வந்திருக்கிறேன் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்பிடின்னா சரியான எடத்துக்குத்தானுங் வந்திருக்கீங்க" என்றார்.

காதர்பேட்டையில் மொத்த வியாபாரக் கடைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஏற்றுமதியில் கழிந்த செகண்ட்ஸ், மிஞ்சிய சரக்கு, கிலோ கணக்கில் டீ சர்ட். நைஜீரியாவிலிருந்து இதை வாங்க வருகிறவர்கள் பல வருடமாகவே இந்தத் தெருக்களில் உண்டு. லாட்ஜுகாரருக்கு அவர்களால் கூடுதல் வேலையும் உண்டு. வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் படிவத்தில் நிரப்பி அரசு இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். அந்தச் சிரமத்துக்காகவே அறை இல்லையென்று கைவிரிக்கிற லாட்ஜுகள் உண்டு. பெட்டியோடு ராத்திரி பதினோரு மணிக்கு நாலு படி ஏறி இறங்கிய ஒருவரை நானே அன்றைக்குப் பார்த்தேன். மனசுக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் மேனேஜர் முகம் சுளிக்காமல் படிவத்தை ஏற்றி, சுடுதண்ணியும் கொடுத்தார்.

அவர் சொல்லித்தான் பின் சந்தில் மாடி வீட்டில் இருந்த லாகோஸ் அக்காவைப் பார்க்கப் போனேன். குழந்தைத் துணி வாங்கி அனுப்புகிறவர். தன் ஊர்க்காரர்கள் பத்துப் பேருக்குச் சேர்த்துச் சமைப்பார், செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். "வாங்க, உக்காருங்க" என்று தமிழிலேயே கூப்பிட்டார். அந்த வீட்டில் ஒரு வாசம் வந்தது. எனக்கு அது புதுசில்லை. புளித்த மாவும் ஊறிய கிழங்கும் சேர்ந்த வாசம். பிளாஸ்டிக் பக்கெட்டின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே குச்சிக்கிழங்கு!

நாமக்கல், சேலம் பக்கத்து வயல்களிலிருந்து வந்து நம் சந்தையில் கிடக்கிற அதே மரவள்ளிக் கிழங்கு. தோலுரித்துத் தண்ணீரில் நாலு நாள் ஊறப்போடுகிறார். மெத்தென்று ஆனதும் பிசைந்து, நார் எடுத்து, துணியில் பிழிந்து, அடுப்பில் கிண்டுகிறார். அவர்களுடைய ஈக்போ மொழியில் அதற்கு 'அக்பு' என்று பெயர். கிழங்கு கிடைக்காத நாளில் ரவையில் கிண்டிக்கொள்வாராம். மரக்கரண்டியை ரெண்டு கையாலும் பிடித்து, காலால் சட்டியை அண்டக் கொடுத்து அவர் கிண்டிய கிண்டு, அப்படியே ஆத்தாவைப் பெற்ற எங்கள் அமுச்சி ராகிக்களி கிண்டுவது போலவே இருந்தது.

தொட்டுக்கொள்ள எகுசி. ஒரு வகை வெள்ளரி இனத்து விதையை அரைத்து, சிவப்புப் பனை எண்ணெயில் வதக்கி, கீரையும் கறியும் போட்ட கெட்டிக் குழம்பு. விதையும் எண்ணெயும் கருவாடும் பெட்டியில் ஊரிலிருந்து வந்தவை. அவர்கள் ஊர்க்கீரைக்குப் பதில் உழவர் சந்தைப் பாலாக்கு. நான் ஒரு துண்டு அக்பை எடுத்து மெல்லப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். மெல்லக் கூடாது. உருட்டி, குழி பண்ணி, குழம்பில் தோய்த்து அப்படியே முழுங்க வேண்டும். களியை மென்றால் பல்லில் ஒட்டும் என்று சின்ன வயதில் எங்கள் அமுச்சி சொன்ன அதே பாடம். எகுசியின் முதல் வாய் எனக்குக் கனமாக இருந்தது. பனை எண்ணெயின் வாசம் பழகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மூன்றாவது உருண்டைக்கு மேல் நானே சட்டிப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்தக் கிழங்கு அவர்களுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. தென் அமெரிக்கக் கிழங்கு. போர்ச்சுகீசியக் கப்பலில் ஆப்பிரிக்காவுக்குப் போனது. நம் பக்கத்துக்குக் கேரளா வழியாக வந்தது. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்தில் இந்தக் கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அப்படிப் பயிரான கிழங்கு இன்றைக்குக் காதர்பேட்டை மாடியில் ஒரு லாகோஸ் பக்கெட்டில் ஊறுகிறது. அதன் நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்களாம். அக்கா சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ஒரு உருண்டையை அவர்களுக்கும் கொடுத்திருக்கலாம் என்றேன். கொடுத்தேன், வாங்கவில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை ரயிலடியில் நின்றிருந்தேன். தன்பாதிலிருந்து ஆலப்புழா போகிற விரைவு ரயில் வந்தது. ஜார்க்கண்ட், ஒடிசா, ஆந்திரா என்று தாண்டி வருகிற வண்டி. படுக்கைச் சுருட்டு, பக்கெட், பிரஷர் குக்கரோடு பையன்கள் இறங்கினார்கள். தங்குமிடம் தெரியும் முன்னாலேயே கையில் குக்கர்! வெளியே ஒரு தள்ளுவண்டியில் பீகார்க்காரர் லிட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பொட்டுக்கடலை மாவைப் போன்ற 'சத்தூ' என்கிற மாவைப் பூண்டு, ஓமம், கடுகெண்ணெயோடு பிசைந்து கோதுமை உருண்டைக்குள் வைத்து நெருப்பில் வாட்டுவது. சுட்ட கத்திரிக்காய் மசியலோடு ரெண்டு தின்றேன். நன்றாகவே இருந்தது. வண்டிக்காரரைச் சுற்றிக் கூட்டம், அவரோடு பேச முடியவில்லை.

சனிக்கிழமை ராத்திரிதான் நான் காத்திருந்த ராத்திரி. செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிற என் நண்பன், லைன் வீடு ஒன்றில் குடியிருக்கிறான். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகப் பத்து வீடு. ஒரு வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்பு மேடை. தண்ணித் தொட்டியும் கக்கூசும் பொது. அதில் நாலு வீடு ஒடிசாக் குடும்பங்கள், ரெண்டு நேபாளம், ஒன்று அசாம், மிச்சம் மதுரை, தேனிப் பக்கத்து ஆட்கள். சனிக்கிழமை சம்பள நாள். எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. ஒரே நேரத்தில் பத்துக் குக்கர் விசில். ஒரு பக்கம் கடுகெண்ணெய், இன்னொரு பக்கம் தேங்காயெண்ணெய், நடுவில் மோமோ வேகிற ஆவி. நான் தங்கிய எல்லா இடத்திலும் சின்ன இடம் அதுதான். சிமெண்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு தாய் ஒடியாவில் தாலாட்டுப் பாடினாள். ஒரு சொல் புரியவில்லை. ஆனாலும் குழந்தைக்கு முன்னால் நான் தூங்கிவிட்டேன்.

ஞாயிறு காலையில் அந்தப் பெண் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஓவர்லாக் டைலர். "அண்ணா, பகாளா சாப்டுங்க." முந்தின ராத்திரிச் சோற்றில் தண்ணி ஊற்றிப் புளிக்க வைத்தது. மேலே ஒரு கரண்டி தயிர், வறுத்த சீரகம், கருவேப்பிலை. பக்கத்தில் உருளைக்கிழங்கு மசியல், வதக்கிய கீரை, பூண்டும் பச்சை மிளகாயும் வைத்து இடித்த படி. படி என்றால் உளுந்தில் பிடித்துக் காயவைத்த வடகம். நம் பழைய சோறுதான், சின்ன வெங்காயம் மட்டும் இல்லை. பூரி ஜகன்னாதருக்கே இதைப் படைக்கிறார்கள். ஒடியாக்காரர்கள் மார்ச் 20-ஐப் பகாளா நாள் என்று கொண்டாடுகிறார்கள், முந்தின வாரம் அந்தக் காம்பவுண்டிலும் கொண்டாடினார்களாம்.

நம் வீட்டில் விருந்தாளி வந்தால் பழைய சோற்றுச் சட்டியை மறைத்து வைப்போம். அந்தப் பெண் அதைத்தான் நடுவில் வைத்து, கைப்பிடி சோறு குறைந்தாலும் திரும்பத் திரும்பப் பரிமாறினார். எனக்குத் தொண்டை அடைத்தது. பையில் மிச்சமிருந்த வெண்ணெயைக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, இது பாக்கெட் வெண்ணெய் இல்லையே என்றார். ஊத்துக்குளி வெண்ணெய் என்று நண்பன் சொன்னான். அதை அப்போதே உருக்க வைத்தார்.

கிளம்பும்போது ஒரு பேப்பரில் கொஞ்சம் படி மடித்துக் கொடுத்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் நீட்டினேன். ஒன்றை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உளுந்துதான். கூட என்னமோ சேத்தி அரைச்சிருக்காங்க. பூசணிக்காயாட்ட இருக்குது. நீ கேக்கலியா?" என்றாள்.

கேட்கவில்லை என்றேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம போயிக் கேட்டுட்டு வா. வெறுங்கையோட போகாத, சந்தகை புழிஞ்சு தர்றேன்."